பின்சென்றவளின் சாட்சி

போன வருடம் முதுகலை இரண்டாமாண்டு மாணவிகளைக் கல்வெட்டு பார்க்க ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கோயில். சக ஆண்டு 1293, அதாவது பொது ஆண்டு 1371இல், கோபணாரியன் நம்பெருமாளைத் திரும்பக் கொண்டுவந்து எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டைக் காட்டுவதுதான் என் திட்டம். அது முடிந்து கிழக்கு வாசலில் வெள்ளைக் கோபுரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். வெள்ளாயி கதையைச் சொல்லாமல் யாரும் அந்த நிழலைத் தாண்ட முடியாது. நானும் சொன்னேன்.

1323வாக்கில் உலூக்கானின் படை தீவுக்குள் நுழைகிறது. கோயில் தாசியான வெள்ளாயி படைத்தலைவனைத் தன் ஆட்டத்தாலும் பேச்சாலும் மயக்கிக் காலம் கடத்துகிறாள். அந்த இடைவெளியில் பெருமாளின் திருமேனி ஊரைவிட்டுத் தூரம் போகிறது. கடைசியில் புதையல் காட்டுவதாகவோ வேறெதுவோ சொல்லி அவனைக் கோபுரத்தின் மேலே ஏற்றிச் சென்று தள்ளிவிட்டு, ரங்கா என்று கூவித் தானும் குதிக்கிறாள். சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும். இரண்டு உடல் விழுவது மட்டும் மாறுவதில்லை.

ஒரு மாணவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்: “குதிக்காம படியிறங்கி கீழ வந்திருந்தா, கோபுரத்துக்கு அவ பேரச் சொல்லுவாங்களா மேம்?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவள் கேள்விக்காக நான் திரும்பப் படித்தவற்றைப் பற்றியது.

முதலில் ஒரு பெயர். வைணவ மரபு இந்த அழிவைப் பன்னீராயிரவர் முடி திருத்திய கலகம் என்கிறது. கொள்ளிடக்கரைப் பக்கம் பன்றியாழ்வான் மேட்டில் பெருமாள் எழுந்தருளியிருந்த நேரத்தில் படை வந்ததாகவும், பன்னிரண்டாயிரம் வைணவர்கள் வெட்டுண்டதாகவும் கோயிலொழுகு மரபு சொல்கிறது. ‘முடி திருத்துதல்’ என்ற சொல்லை இன்று கடைப் பலகையில்தான் பார்க்கிறோம். வகுப்பில் சொன்னால் முதலில் சிரிப்பு வரும், பிறகு சத்தம் அடங்கும். வெட்டப்பட்டார்கள் என்று சொல்ல நா எழாத ஒரு சமூகம் கண்டுபிடித்த மங்கல வழக்கு அது. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போது திருவாய்மொழி உரைகளின் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி. எழுத்தை எண்ணுகிற மரபு தலைகளையும் எண்ணியிருக்கிறது. மதுரையில் கழுவேறியதாகச் சொல்லப்படும் சமணர்களும் எண்ணாயிரம்தான். இவை கணக்கெடுப்பின் எண்கள் அல்ல, நினைவின் எண்கள். அந்தப் பன்னீராயிரத்தில் பெண் எத்தனை என்ற கேள்விக்கு அந்த எண்ணுக்குள் இடமே இல்லை.

எண்ணைத் தாண்டிப் பெயர் பெற்றவர்கள் சிலர். பிள்ளை லோகாசாரியர் முதிர்ந்த வயதில் திருமேனியைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். ஸ்ரீவசனபூஷணம் எழுதிய கை, கடைசியாகச் செய்த வேலை தன் தெய்வத்தை ஒளித்து வைப்பது. வேதாந்த தேசிகர் கதை இன்னும் நெஞ்சை அடைப்பது. சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் சுருதப்பிரகாசிகை என்ற உரைச்சுவடியையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே பிணம்போலப் படுத்துக் கிடந்தார். விடிந்ததும் எழுந்து, குழந்தைகளோடும் ஏட்டோடும் நடந்தார். அந்த உரை இன்று நம் கையில் இருக்கிறது.

தேசிகர் ஏன் சாகவில்லை என்று எழுநூறு ஆண்டுகளாக யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. அவர் பிழைத்ததுதான் அவருடைய தொண்டு. என் மாணவியின் கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கிறேன். வெள்ளாயி படியிறங்கி வந்திருந்தால், பிணங்களுக்கு நடுவே அவளுக்கும் ஒரு படுக்கை இடம் இருந்திருக்கும். ஆனால் கதை அவளை இறங்க விடாது. கீழே படை நிற்கிறது, பிடித்தால் சித்திரவதை என்று காரணம் சொல்லலாம், நியாயமான காரணம்தான். ஆனால் கேட்பவர்களுக்கு அந்தக் காரணம் தேவைப்படுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரியோடு இரவுகளைக் கழித்த பெண் உயிரோடு கோயிலுக்குள் திரும்புவதை அவர்களால் கற்பனை செய்ய முடியாது. அவள் உடலைக் கொண்டு ஊர் தப்பிக்கலாம், தப்பித்த ஊரில் அந்த உடல் நடமாடக் கூடாது. குதித்தல் அவளுடைய வீரமாகச் சொல்லப்பட்டாலும், கதைக்குள் அது செய்யும் வேலை கழுவுதல்.

என் பாட்டி இந்தக் கதையை முழுதாகச் சொல்லமாட்டாள். “அவ கோயில் பொம்பளடி, பெருமாளுக்காக உசிர விட்டா” என்று இரண்டே வாக்கியம். நடுவில் நடந்ததைக் கேட்டால் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஊர்க்கதையின் இன்னொரு கிளை எனக்குக் கோபுரத்தைவிட முக்கியமாகப் படுகிறது. வெள்ளாயி கேட்டதாக ஒரு வரத்தைச் சொல்வார்கள். கோயில் தாசிகள் இறந்தால் மடைப்பள்ளியிலிருந்து நெருப்பு வரவேண்டும், பெருமாளின் மாலையும் தீர்த்தமும் வரவேண்டும். வழக்கம் முதலில் இருந்து, அதை விளக்கக் கதை பிறகு வந்திருக்கலாம். ஆய்வாளராக நான் அப்படித்தான் சந்தேகப்படுவேன். பெயர்க்கதையும் அப்படித்தான். கோபுரம் வெள்ளையாக இருக்கிறது, வெள்ளாயி என்ற பெயரும் வெண்மையிலிருந்து வருவது. நிறம் கதையைத் தேடிப் போனதா, கதை நிறத்தைத் தேடி வந்ததா என்று வாதாடலாம். ஆனால் அந்த வரத்தின் தொனியைப் பாருங்கள். தனக்கென்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் வர்க்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் கொள்ளி நெருப்பு கேட்கிறாள். கணவனும் மகனும் கொள்ளி வைக்கும் உலகத்தில், கோயிலில் உழைத்தவளுக்குக் கோயில்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்கிறாள். தொழிற்சங்கக் கோரிக்கை போல இருக்கிறது. அந்தப் பெண்களே உருவாக்கிக் காப்பாற்றிய பகுதி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சொல்லைப் பார்ப்போம். மதத்துக்காக உயிர்விட்டவரை நாம் தியாகி என்கிறோம். தியாகம் என்றால் விடுதல், கொடுத்தல். கிரேக்கத்தில் அதற்கு வழங்கிய ‘மார்ட்டிர்’ என்ற சொல்லின் முதற்பொருள் சாட்சி. அரபியில் ‘ஷஹீத்’ என்பதற்கும் வேர் சாட்சிதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை அழகாகப் பிடித்து வேதசாட்சி என்றார்கள், இப்போது மறைசாட்சி. திருச்சியில் வளர்ந்தவளுக்கு இது பாடப்புத்தகச் சொல் அல்ல. பள்ளித் தோழிகளின் வீட்டு நாட்காட்டியில் பார்த்த சொல். கண்டதைச் சொன்னவர், சொன்னதற்காகச் செத்தவர் என்று பொருள் மெல்ல நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வில் சொல்லுதல் பின்னுக்குப் போய், சாதல் முன்னுக்கு வந்துவிட்டது. 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா இரண்டு பொருளிலும் சாட்சி: கைக்குழந்தையோடு சிறையில் இருந்தவள், தன் சிறை நாட்களைத் தானே எழுதிவைத்தவள். எழுதியதால் அவள் குரல் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது திருநாள் மட்டும்.

சாட்சி என்ற பொருளை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினால் வேறொரு பெண் தெரிகிறாள். கோயிலொழுகில் வருபவள். கொள்ளிடத்துக்கு வடகரையில் கரம்பனூர், இன்றைய உத்தமர்கோயில், அவள் ஊர். பெருமாளைச் சேவிக்காமல் சோறு உண்பதில்லை என்று விரதம் கொண்டவள். தில்லிப் படை திருமேனியைக் கொண்டு போனபோது அவள் பின்னாலேயே போனாள். கதை அவளைத் தில்லி வரை கொண்டு போகிறது. அரண்மனைக்குள் நுழைய வைக்கிறது. சுல்தானின் மகள் அந்தத் திருமேனியை வைத்து விளையாடுவதைப் பார்க்க வைக்கிறது. பிறகு அவள் திரும்பி வருகிறாள். ஊராரிடம் சொல்கிறாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் ஆடலும் பாடலும் தெரிந்த கோயில் பணியாளர்கள் அறுபது பேர் தில்லிக்குக் கிளம்பி, சுல்தானை மகிழ்வித்துத் திருமேனியைக் கேட்டு வாங்குகிறார்கள். மரபு அவளுக்குப் பின்சென்றவல்லி என்று பெயர் கொடுத்தது.

தில்லிப் படையெடுப்புகள் ஒன்றல்ல. 1311இல் மாலிக் காபூர் வந்ததும் 1323இல் நடந்ததும் இந்தக் கதைகளில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு பெண் அத்தனை தூரம் நடந்தாளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது கதையின் தர்க்கம். வாளில்லை, மயக்கமில்லை, குதித்தல் இல்லை. பார்த்தாள், வந்தாள், சொன்னாள். நம்பெருமாள் மீட்கப்பட்ட கதைகளில், அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டு சொன்னவள் ஒரு பெண். சொல்லின் பழைய பொருளில் திருவரங்கத்தின் வேதசாட்சி அவள்தான்.

அவளுக்குக் கோபுரம் இல்லை. பெயர்கூட இல்லை. பின்சென்றவல்லி என்பது பெயரா? அது அவள் நடந்த திசை. தேசிகருக்குத் தனியன் உண்டு, லோகாசாரியருக்குத் திருநட்சத்திரம் உண்டு. பன்னிரண்டு மாதம் உபன்யாசம் நடக்கிற ஊரில் நான் அவள் கதையைக் கேட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள். அதுவும் சுல்தானின் மகளிடம் போய்ச் சேர்வதற்கான படிக்கட்டாக.

அந்த மகளின் கதை எல்லோருக்கும் தெரியும். திருமேனியைப் பிரிய முடியாமல் தெற்கே ஓடி வந்தவள், ஸ்ரீரங்கத்தில் உயிர் விட்டவள், துலுக்க நாச்சியார். அர்ச்சுன மண்டபத்தின் பக்கம் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. சிலை இல்லை, சித்திரம். ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம். எதிரியின் மகளை நாச்சியாராக்கி அவள் ஊர்ச் சாப்பாட்டைப் பெருமாளுக்கு ஊட்டுகிற மனம் எனக்குப் பிடிக்கும். படையெடுப்பைப் பற்றி இந்த ஊர் சொன்னவற்றில் மிகப் பெரிய மனது அதுதான். ஆனாலும் கவனியுங்கள்: சுரதாணி என்று அவளைச் சொல்வார்கள், அது சுல்தானி என்பதன் திரிபு. துலுக்க நாச்சியார் என்றால் மதம், சுரதாணி என்றால் அப்பன். அவளுக்கும் பெயர் இல்லை. செத்ததால் சந்நிதி உண்டு.

இது வைணவத்துக்கு மட்டும் உரிய குறை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் டி பிரிட்டோ என்ற பெயரில் போர்ச்சுக்கலிலிருந்து வந்த மதுரை மிஷன் குரு. தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலை, சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள், குருவானவர் கொல்லப்பட்டார். புனிதர் கதைகளில் அவள் வில்லி. ஒரு நாள் காலையில் தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட பெண் வேறு எங்கே போய் முறையிட்டிருக்க வேண்டும்? அருளானந்தரின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துணிவுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை விலையாகப் போனது என்று சொல்கிறேன். அந்த விலையை அவர் தரவில்லை. 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையை 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவர் மனைவி பார்கவி, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனவள். கணவனின் சாவுக்குப் பிறகு நம்பிக்கையோடு உயிர் வாழ்வதும் ஒரு மறைசாட்சியம் இல்லையா? அதற்குத் திருநாள் வைக்க எந்தச் சபையிடமும் நாள் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்கு மதத்தின் பெயரால் கொடுமை வந்தது தில்லியிலிருந்து மட்டுமல்ல. கிருமிகண்ட சோழன் என்று வைணவர்கள் பெயரிட்ட சைவ மன்னன், சிவனைவிட மேலானது இல்லை என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டான். கூரத்தாழ்வான் சிவம் என்ற சொல்லை ஓர் அளவைப் பெயராக்கி, அதைவிடத் துரோணம் பெரிது என்று பதில் எழுதினார். கேலியின் விலை கண்கள். உடன் போயிருந்த பெரியநம்பியின் கண்களையும் பிடுங்கினார்கள். நூற்றைந்து வயதுக் கிழவர் என்கிறது குருபரம்பரை. குருடாகிவிட்ட அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்தவள் மகள் அத்துழாய். வழியிலேயே அவர் உயிர் போனது. அரசவையில் நடந்ததைக் கண்ணால் கண்டு, கண்ணோடு திரும்பியவர்களில் அவள் ஒருத்தி. தகப்பனைக் கரையேற்றிவிட்டு அந்தப் பெண் எப்படி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தாள், வந்து யாரிடம் என்ன சொன்னாள் என்று விரித்துப் பேசிய உபன்யாசம் எதையும் நான் கேட்டதில்லை.

நல்லவேளையாக, அந்த நூற்றாண்டில் ஒரு பெண் எழுதினாள். குமார கம்பணனின் மனைவி கங்காதேவி. அவளுடைய மதுரா விஜயம் வடமொழிக் காவியம். 1916இல் திருவனந்தபுரத்தில் சுவடி கிடைத்திருக்காவிட்டால் அவள் பெயரும் பின்சென்றவல்லியின் கதிக்குத்தான் போயிருக்கும். கணவனின் வெற்றியைப் பாடும் அரசவைப் பாட்டு அது என்பதை மறக்கக் கூடாது. எதிரியை அவள் வருணிக்கும் விதம் போர்ப் பிரச்சாரம். ஆனாலும் அதன் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண் கம்பணன் முன்னால் வந்து நிற்கிறாள். மதுரையும் திருவரங்கமும் கிடக்கிற கிடையைச் சொல்கிறாள், இடிந்து விழும் கோயிலில் ஆதிசேடன் படத்தை விரித்துப் பெருமாள்மேல் கல் விழாமல் தாங்குவதைச் சொல்கிறாள். சொல்லி முடித்து வாளைக் கொடுக்கிறாள். கம்பணன் அதற்குப் பிறகுதான் புறப்படுகிறான். அவளைத் தெய்வம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். பார்த்ததைச் சொல்ல ஒரு பெண் நடந்து வந்தாள் என்ற நினைவு கரம்பனூர்க் கதையிலும் இருக்கிறது, அரசியின் காவியத்திலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை.

சில ஆண்டுகளாக வெள்ளாயி கைபேசிகளில் வலம் வருகிறாள். பின்னணி இசை, கோபுரம், பாய்ச்சல், முடிவில் இன்றைய இஸ்லாமியர்மேல் ஒரு வசை. நடந்த கொலைகளை மென்று விழுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், கொலை கொலைதான். கண்ணைப் பிடுங்கிய சோழனின் பெயரால் இன்றைய சைவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, சமணரின் எண்ணாயிரத்துக்காக யாரும் காணொளி செய்வதில்லை என்று மட்டும் சொல்வேன். மலைக்கோட்டைச் சமணர் படுக்கைகளைப் பார்க்க எத்தனை பேர் ஏறுகிறார்கள்? இன்னொன்றும் உண்டு. எனக்கு அந்தக் காணொளியை அனுப்பிய ஒருவர், அதே வாரம் ஒரு பெண் எழுத்தாளரை வைத வசைச்சொல்லும் வெள்ளாயியின் குலத்தொழில் பெயர்தான். கோபுரத்தின்மேல் நின்றால் வீராங்கனை, தரையில் நடந்தால் வசை.

1947 சட்டம் பொட்டுக்கட்டுதலை நிறுத்தியது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதற்காகப் பட்ட பாட்டின்மேல் நின்றுதான் நான் இதை எழுதுகிறேன். அந்த முறைமீது எனக்கு ஏக்கம் ஏதுமில்லை. ஆனால் மடைப்பள்ளி நெருப்பைத் தங்கள் உரிமையாகக் கருதிய பெண்களின் பேத்திகள் இன்று பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். வெள்ளாயியைக் கொண்டாடும் ஊர் அவர்களுக்கு அந்தத் தைரியத்தைத் தரவில்லை.

மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன். இல்லையம்மா, வைத்திருக்க மாட்டார்கள். அவள் இறங்கி வந்திருந்தால் கரம்பனூர்க்காரி மாதிரி ஆகியிருப்பாள்: கதையில் இரண்டு வரி.

இந்த வருடப் பயணத்தை உத்தமர்கோயிலில் தொடங்குவதாக இருக்கிறேன். அங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பஸ் வேண்டாம், பாலத்தில் நடந்தே போகலாம் மேம் என்று அதே பெண் சொல்லியிருக்கிறாள். வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும்.